பழைய கணினியை ஒதுக்குவதற்கு முன் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்தக் கம்ப்யூட்டர் இனிமே ஓடுமா, இல்லே புதுசுதான் வாங்கணுமா?" என்பதுதான். நீடாமங்கலத்தில் நெடுங்காலமாக இத்தொழிலைச் செய்துவருபவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில், புதிதாக வாங்கத் தேவையில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பது. இதைக் கேட்டதும் சரி என்கிறவர்கள் சிலர். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போகிறவர்களே பலர். அவர்களுடைய ஐயங்களில் பெரும்பாலானவை நியாயமானவை. கடையில் நின்றபடி இரண்டு வார்த்தையில் தீர்த்துவைக்க முடியாதவை. ஆகவே தங்கள் நாளிதழின் வழியாக விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆதரவு நின்றுவிட்டது என்பதால் கணினி அன்றைக்கே நின்றுவிடுவதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் இனி வராது என்பதே அதன் பொருள். வீட்டுக் கணினிகளுக்குச் சில நிபந்தனைகளோடு ஓராண்டு நீட்டிப்பு தரப்பட்டிருக்கிறது. அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நம் பகுதியின் வீடுகளிலும், ஜெராக்ஸ் கடைகளிலும், தட்டச்சுப் பயிலகங்களிலும் உள்ள கணினிகளில் கணிசமானவை சென்னையிலிருந்து இரண்டாம் கையாக வந்த பழைய அலுவலகக் கணினிகள். இந்த அளவுகோலை அவை எட்டுவதில்லை. ஆனால் அவற்றில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பட்டா, சிட்டா எடுக்கவும், மின்கட்டணம் செலுத்தவும், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடவும், கடிதம் அடித்து அச்சிடவும் அவை இன்றும் போதும். ஒரு நிறுவனம் தேதி குறித்துவிட்டது என்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் பொருளை ஓரம் தள்ளிவிட்டு 30,000 ரூபாய்க்கும் மேல் செலவழிப்பது, மகசூலை நம்பிக் கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்குச் சின்ன விஷயமல்ல.

லினக்ஸ் ஒரு தனி நிறுவனத்தின் சரக்கன்று. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்களும், 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, கணினியின் உறுப்புகளை இயக்கும் மையப் பகுதியான கருநிரலும் சேர்ந்து உருவானது அது. அதை எவரும் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம், தமக்கேற்பத் திருத்தலாம், பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம். திருத்தியதை வெளியே கொடுக்கும்போது, திருத்தத்தின் மூலநிரலையும் (நிரலர் எழுதிய வடிவத்தையும்) அதே உரிமைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஜிபிஎல் உரிமம் விதிக்கும் நிபந்தனை. டெல்டாக்காரர்களுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு புதிதல்ல. மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திவந்த நெல் திருவிழாவில், பாரம்பரிய விதைநெல் இரண்டு கிலோ வாங்கிச் செல்லும் விவசாயி மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. அவர் மீட்டெடுத்த 174 ரகங்கள் ஊர் ஊராகப் பரவியதற்கு அந்த விதி ஒரு முக்கியக் காரணம். வாங்கியவன் அதைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ள முடியாது, திருப்பித் தரத் தரப் பெருகும் என்கிற அதே அமைப்பில்தான் லினக்ஸும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவந்திருக்கிறது.

காசில்லாமல் கொடுப்பது தரமாக இருக்குமா என்று கேட்கிறார்கள். அவர்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி லினக்ஸ் கருநிரலின் மேல்தான் இயங்குகிறது. உலகின் அதிவேகக் கணினிகள் 500ஐப் பட்டியலிடும் தரவரிசையில் 2017 நவம்பர் முதல் ஐந்நூறுமே லினக்ஸில் ஓடுபவை. லினக்ஸை நிறுவனங்களுக்கு அமைத்துக்கொடுத்து, பராமரிப்புக்கு மட்டும் கட்டணம் வாங்கிவந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 34 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. இன்டெல், கூகுள் முதலிய பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பொறியாளர்கள் இந்தக் கருநிரலை எழுதுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் பொறியாளர்களும் அவர்களில் உண்டு. நம் நாட்டில் நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கிய இ-கோர்ட்ஸ் திட்டம் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தது. பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளுக்காக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு மாயா என்ற இயங்குதளத்தை உருவாக்கியிருப்பதாக 2023இல் செய்திகள் வந்தன. தரத்தைப் பற்றிய கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை என்று கருதுகிறேன்.

இதைவிடக் கனமான ஐயம் ஒன்று இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லச் சிலர் கூச்சப்படுவார்கள். ஆனால் டெல்டாவில் லினக்ஸ் பரவாததற்கு அதுவே உண்மையான காரணம். "விண்டோஸே எனக்குக் காசில்லாமத்தானே கிடைக்குது, அப்புறம் எதுக்கு மாறணும்?" என்பதே அது. கடைக்காரர் சில நூறு ரூபாய் ஃபார்மட் கூலி வாங்கிக்கொண்டு விண்டோஸ், ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே விலை. ஆகவே பணம் மிச்சமாகும் என்ற வாதம் அவரிடம் எடுபடாது; எடுபட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல.

அவரிடம் சொல்ல வேண்டியது வேறு. உரிமமில்லாத விண்டோஸை ஓடவைக்க, ஆக்டிவேட்டர் என்று ஒரு சிறு நிரலை இயக்குகிறார்கள். அதை இயக்குவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிட வேண்டும் என்பது அதன் செய்முறையிலேயே எழுதியிருக்கும். எழுதியவர் யார், எந்த நாட்டுக்காரர், உள்ளே வேறென்ன வைத்திருக்கிறார் என்பது ஏற்றிக் கொடுக்கும் கடைக்காரருக்கும் தெரியாது. கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் கொடுத்து, காவலையும் விலக்கிவிட்டு, முகம் தெரியாத ஒருவரை உள்ளே விடுகிறோம். அடுத்ததாக, புதுப்பிப்பு வந்தால் திருட்டு நகல் என்று காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தில் அதையும் நிறுத்திவைக்கிறோம். அப்புறம் அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். ஆதார் அட்டையையும் நிலப் பத்திரத்தையும் ஸ்கேன் செய்து வைக்கிறோம். பிள்ளைகளின் தேர்வுக் கடவுச்சொற்களைச் சேமிக்கிறோம். விலை இல்லை என்று நினைத்த இடத்தில் கொடுக்கப்படும் விலை இதுதான்.

ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவ் செருகிய எவருக்கும் ஷார்ட்கட் வைரஸ் தெரியாமல் இருக்காது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், கல்யாணப் பத்திரிகை, பிராஜெக்ட் ரிப்போர்ட், ஜாதகம் என்று வைத்திருந்த ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் வளைந்த அம்புக்குறி ஒன்று முளைத்திருக்கும். அசல் ஃபோல்டர்களை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை அந்த வைரஸ் வைக்கிறது. போலியைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும். பிறகு அசல் ஃபோல்டரும் திறந்துகொள்ளும். அதனால் சொடுக்கியவருக்குச் சந்தேகம் வராது. அந்தப் பென்டிரைவை அடுத்த கடையில் செருகும்போது அங்கேயும் தொற்றிக்கொள்கிறது. பயிர்க் காப்பீட்டுக்காகவும் விண்ணப்பங்களுக்காகவும் கூட்டம் அலைமோதும் நவம்பர் மாதத்தில், ஒரே நாளில் ஊர் முழுவதும் சுற்றிவந்துவிடும். இதே பென்டிரைவை லினக்ஸ் கணினியில் செருகினால் அந்த ஒளிவு மறைவு செல்லுபடியாவதில்லை. அசல் ஃபோல்டர்கள் அப்படியே கண்ணுக்குத் தெரிகின்றன. போலிகள் ஓரிரு கிலோபைட் அளவுள்ள, எதையும் இயக்க வழியில்லாத சிறு கோப்புகளாகப் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றை அழித்துவிட்டுப் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விண்டோஸையே நம்பியிருக்கும் வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்களைக்கூட நான் லினக்ஸில் வைத்துத்தான் மீட்டுக் கொடுக்கிறேன்.

லினக்ஸுக்கு வைரஸே வராது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது தவறு. ஆனால் அதில் மென்பொருள் வாங்கும் முறையே வேறு. உபுண்டு, மின்ட், டெபியன் போன்ற ஒவ்வொரு வழங்கலும் (லினக்ஸோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்பு) தனக்கென ஒரு மென்பொருள் களஞ்சியத்தை வைத்துக்கொண்டு, கையொப்பமிட்டுச் சரிபார்த்தவற்றை மட்டும் அதிலிருந்து தருகிறது. இணையத்தில் தேடி, கண்ட தளத்திலிருந்தும் இறக்கி நிறுவுவதற்கான அவசியம் வீட்டுப் பயனருக்கு அரிதாகவே வருகிறது. இயங்குதளத்துக்கும் அதில் உள்ள மற்ற மென்பொருள்களுக்கும் புதுப்பிப்பு ஒரே இடத்திலிருந்து வருகிறது. மறைக்க எதுவும் இல்லாததால் புதுப்பிக்கப் பயப்படவும் தேவையில்லை.

"இதைத்தான் அரசாங்கமே லேப்டாப்பில் போட்டுக் கொடுத்ததே, யார் பயன்படுத்தினார்கள்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி, கொஞ்சம் விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2006-07 வாக்கிலேயே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. கணினியைத் திறந்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் ஒரு கறுப்புத் திரை வரும். மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் அது என்னவென்றே யாரும் சொல்லவில்லை. "ஆன் பண்ணினா ஏதோ இங்கிலீஷ்ல கேள்வி கேக்குது, அதை எடுத்துவிடுங்க" என்று கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். கடைகளும் எடுத்துவிட்டன. அந்தத் தலைமுறைக்கு லினக்ஸ் என்றால் மிஞ்சிய நினைவு அவ்வளவுதான்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் இதே காலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் 2001 வாக்கில் தொடங்கி இன்று கைட் என்று அழைக்கப்படும் அரசு அமைப்பு, முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பிறகு பாடநூலை அதற்கேற்ப எழுதியது. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளிலேயே நடத்தியது. பழுது வந்தால் பார்க்க ஆள் வைத்தது. 2019இல் அந்த அமைப்பு தன் பள்ளிகளுக்காகவே வடிவமைத்த லினக்ஸின் புதிய பதிப்பை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்காக வெளியிட்டது. மென்பொருள் இரண்டு மாநிலத்திலும் ஒரே வகைதான். இங்கே அதை ஒரு தட்டில் வைத்து நகர்த்திவிட்டு, சாப்பிடவில்லையே என்கிறோம்; அங்கே பரிமாறினார்கள். ஆகவே பாஸ் லினக்ஸ் மடிக்கணினிகளில் நிலைக்கவில்லை என்பதிலிருந்து லினக்ஸைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது என் கருத்து. அன்று வந்த மடிக்கணினிகள் பல இன்னும் பரணில் கிடக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 ஜிபியாக்கி, லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினால், பிளஸ் ஒன் படிக்கும் தம்பி தங்கைக்கு அது போதுமான கணினி. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது; ரைட்டர், கால்க், இம்பிரஸ் என்று ஓபன்ஆஃபீஸின் மென்பொருள்களும் இருக்கின்றன; பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இருக்கிறது. பள்ளியில் படிப்பது ஒன்று, வீட்டில் இருப்பது வேறொன்று என்ற நிலை எதற்கு?

தமிழில் அடிக்க முடியுமா என்பது நம் பகுதியில் தவறாமல் வரும் கேள்வி. முடியும், வசதியாகவே முடியும். உள்ளீட்டு அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை ஆகிய மூன்றும் வந்துவிடுகின்றன. ஒரு விசைக் கூட்டை அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்துக் கை பழகியவர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் டிடிபி வேலை செய்கிற பெண்கள் பலர் அந்த முறையில் பழகியவர்கள். அவர்கள் வேகமாக அடிப்பதைப் பார்த்தால் வேறு முறைக்கு மாறச் சொல்ல மனம் வராது.

சிக்கல் இருப்பது பழைய எழுத்துருக்களில். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இது விண்டோஸிலும் அப்படித்தான். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். அதன் பிறகு, ஆஃபீஸுக்கு மாற்றாக லினக்ஸில் இருக்கும் லிப்ரெஆஃபீஸில் திறந்தால் பெரும்பாலான கோப்புகள் சரியாகத் தெரிகின்றன. ஆனால் நான் பரிந்துரைப்பது, எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் எல்லாக் கருவிகளிலும் படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு அவற்றை மாற்றிவைத்துக்கொள்வது. கோயில் திருப்பணிக் கணக்கும் சங்கத் தீர்மானங்களும் பாமினியில் கிடக்கின்றன. அவற்றைத் தேடவும் முடியாது, கைப்பேசியில் படிக்கவும் முடியாது. அரசு அலுவலகங்களுக்கு யூனிகோடைத் தரமாக அறிவித்து 2010இலேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் படிவம் கொடுக்கும் அலுவலகங்களை இனியாவது மாற்றிக்கொள்ளும்படி அரசு கண்டிப்புடன் சொல்ல வேண்டும்.

முடியாதவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணக்கு மென்பொருளான டேலி லினக்ஸுக்கென்று வெளிவருவதில்லை. கணக்கு எழுதும் மண்டிகளும் அரிசி ஆலைகளும் அதற்கென ஒரு விண்டோஸ் கணினியை, முறையான உரிமத்தோடு, வைத்துக்கொள்வதுதான் நல்லது. கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் இல்லை. அவற்றுக்கு மாற்றாகப் படம் வரைய இங்க்ஸ்கேப், படம் திருத்த கிம்ப், பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் இருக்கின்றன. ஸ்கிரைபஸின் 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் உடையாமல் அமைகின்றன. ஆனாலும் இருபது ஆண்டுகளாகப் பேஜ்மேக்கரில் பத்திரிகை அடித்தவரை நாளைக்கே மாறுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. அவர் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது என்பதையும், அதை இன்னும் எத்தனை விண்டோஸ் தாங்கும் என்பதையும் மட்டும் அவர் யோசித்துப் பார்க்கட்டும். இ-சேவை மையங்களில் பயன்படும் கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருளைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் தருகிறார்கள். அந்த மையங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மாறக் கூடாது. அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை செருகியதும் வேலை செய்கின்றன; பழைய லேசர் அச்சுப்பொறிகள் சில அடம் பிடிக்கும். கணினி விளையாட்டுக்காகவே வைத்திருப்பவர்கள் விண்டோஸிலேயே இருந்துகொள்ளலாம்.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி லினக்ஸுக்கு மாறிவிட்டு 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததையும் என்னிடம் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உண்மைதான். 2008 முதல் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கிய பிரெஞ்சு ஜெந்தார்மரி காவல் படை இன்றும் அதிலேயே இருப்பதும் உண்மை. ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள ஒரு நிர்வாகத்தில் முடிவை மாற்றுவதற்கு அரசியல் உட்படப் பல காரணங்கள் இருக்கும். பிரவுசரும், கடிதமும், அச்சும் போதும் என்கிற ஒரு வீட்டுக்கு மியூனிக்கின் கணக்கு பொருந்தாது.

பழுதானால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. இன்றைய நிலையில் டெல்டாவில் லினக்ஸ் தெரிந்த கடைக்காரர்கள் குறைவு. அதற்கு ஒரு காரணத்தை என் தொழில்சார்ந்த நண்பர்கள் வருத்தப்பட்டாலும் சொல்லியாக வேண்டும். திருட்டு விண்டோஸ் ஏற்றிய கணினி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெதுவாகி, வைரஸ் வந்து, ஃபார்மட்டுக்குத் திரும்பி வருகிறது. அந்தக் கூலியில் பல கடைகள் ஓடுகின்றன. ஒரு முறை சரியாக ஏற்றிக் கொடுத்தால் வருடக்கணக்கில் திரும்பி வராத கணினி கடைக்கு வருமானம் தராது. நான் இதற்கு வழியாகக் கண்டது, ஏற்றும்போதே நியாயமான கூலி வாங்கிக்கொள்வதும், கூடவே அரை மணி நேரம் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பதும்தான். கற்றுக்கொடுத்த வீடுகளிலிருந்து மீண்டும் விண்டோஸ் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் மிகக் குறைவு. ஏற்றி மட்டும் அனுப்பிய வீடுகளிலிருந்து வருகிறார்கள்.

ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பது கடினமான காரியமுமல்ல. நம் மாவட்டங்களில் பாலிடெக்னிக்குகளும் ஐடிஐக்களும் பொறியியல் கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுவதால், அந்த மாணவர்கள் வேலைக்குப் போனால் அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. 2012 முதல் வரும் கணியம் இணைய இதழ் லினக்ஸ் பற்றி எளிய தமிழில் கட்டுரைகளையும் மின்னூல்களையும் விலையின்றி வெளியிடுகிறது. இதுபோன்ற முயற்சிகள் தஞ்சையிலும் திருவாரூரிலும் நாகையிலும் மயிலாடுதுறையிலும் வேரூன்ற, மாவட்ட மைய நூலகங்களில் மாதம் ஒரு நாள் முகாம் நடத்த இடம் கொடுத்தால் போதும். கணினியைக் கொண்டுவருகிறவர்களுக்குக் கல்லூரி மாணவர்கள் நிறுவிக் கொடுத்துக் கற்பிக்கலாம். பொது நூலகத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2015இல், அரசுத் துறைகள் லினக்ஸ் போன்ற திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஒன்றிய அரசு கொள்கை வகுத்துவிட்டது. நூலகக் கணினிகளிலிருந்து அதைத் தொடங்குவதற்குத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நம்பிக்கை வராதவர்கள் என் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. தங்கள் கணினியிலேயே, எதையும் அழிக்காமல், ஒரு மாலை நேரத்தில் சோதித்துப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் தளத்திலிருந்து, முழு இயங்குதளமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற ஒரு சிறு மென்பொருளால் அதைப் பென்டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செருகிவிட்டுக் கணினியைத் திறக்கும்போது எஃப்12 விசையையோ, அந்தக் கணினிக்குரிய வேறு விசையையோ அழுத்தினால், எதிலிருந்து தொடங்கலாம் என்ற பட்டியல் வரும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவாமல் முயன்று பார்ப்பதற்கான வழியைத் தேர்ந்தெடுத்தால், லினக்ஸ் முழுவதும் ரேமிலும் பென்டிரைவிலும் இருந்தே ஓடும். நிறுவச் சொல்லி நீங்களே கட்டளை கொடுக்காதவரை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாது. பென்டிரைவிலிருந்து ஓடும்போது சற்று மெதுவாக இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

அந்த ஒரு மாலையில் நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்து பாருங்கள். வைஃபை இணைகிறதா, ஸ்பீக்கரில் ஒலி வருகிறதா, உங்கள் அச்சுப்பொறியில் ஒரு பக்கம் வருகிறதா, உங்கள் வங்கித் தளமும் பட்டா, சிட்டா தளமும் திறக்கின்றனவா, நீங்கள் அடித்து வைத்திருக்கும் வேர்ட் கோப்புகளில் மிகச் சிக்கலானது லிப்ரெஆஃபீஸில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு நிறுவுங்கள். ஒரு பக்கம் விண்டோஸையும் சில மாதங்கள் வைத்திருக்கலாம். மாறாக, உங்களுக்கு இன்றியமையாத ஒரு வேலை லினக்ஸில் நடக்கவில்லை என்று இந்தச் சோதனையிலேயே தெரிந்தால், பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியைத் திறங்கள். உங்கள் விண்டோஸ் வைத்தது வைத்தபடி இருக்கும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.